என்ன கேமரா, தம்பி?

நம் ஊரில் ஒரு நல்ல புகைப்படத்தைக் காட்டிப் பாருங்கள். முதல் கேள்வி, "என்ன கேமரா?" இரண்டாவது கேள்வி, "என்ன லென்ஸ்?" மூன்றாவது கேள்வி அநேகமாக வராது. படத்தில் இருக்கும் பாட்டி யார், எந்த ஊர், எடுத்தவருக்கு என்ன உறவு, எத்தனை முறை போன பிறகு அவர் இப்படிச் சிரித்தார் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. மலேசியத் தமிழர்களிடையே புகைப்படம் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலைப்பட்டியல் பற்றிய பேச்சுதான். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அண்மையில் நடந்தது. ஓர் உள்ளூர்ப் போட்டிக்கு எனக்குத் தெரிந்த இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி படம் அனுப்பினாள். கைப்பேசியில் எடுத்தது. இரவு வேலை முடிந்த அவள் அம்மா விடிகாலையில் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்குகிறார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. நடுவர் ஒருவர் அவளிடம், "படம் நல்லா இருக்கும்மா. அடுத்த தடவ ஒரு நல்ல கேமரா வாங்கிட்டு எடு" என்றாராம். பரிசு கொடுப்பதும் கொடுக்காததும் அவர் உரிமை. ஆனால் இம்மாதிரி ஆட்கள் சொல்லும் 'நல்ல கேமரா' லென்ஸோடு சேர்த்து ஐயாயிரம் வெள்ளிக்குக் குறையாது. இந்த நாட்டில் 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரர் மூன்று மாதம் சாப்பிடாமல், வாடகை கட்டாமல் இருந்தால் பிள்ளைக்குக் கேமரா கிடைக்கும். அறிவுரை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் மின்னியல் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். கருவிகள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. கருவிகளோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கருவிக்காரர்களிடம் எண்களிலேயே பேசுகிறேன்.

ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஓரளவு நல்ல கைப்பேசியின் முதன்மை சென்சார் சுமார் 70 சதுர மில்லிமீட்டர். ஆக, பெரிய கேமராவுக்குப் பன்னிரண்டு மடங்கு பரப்பு. கடைக்காரர் உங்களுக்கு விற்பது முக்கியமாக இந்தப் பன்னிரண்டைத்தான்.

இப்போது வெளிச்சத்தைப் பாருங்கள். அதை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். இரவில் ஒற்றைக் குழல் விளக்கு எரியும் நம் வீட்டு ஹாலில் ஏறக்குறைய 100 லக்ஸ் இருக்கும். பகலில் வெளியே, திறந்த வானத்துக்குக் கீழே நிழலில் நின்றால் 10,000 லக்ஸ். அதாவது நூறு மடங்கு. பன்னிரண்டு மடங்குக்கு ஐயாயிரம் வெள்ளி கேட்கிறார்கள். நூறு மடங்குக்குப் பகல் வரைக்கும் காத்திருந்து, பாட்டியை ஹாலிலிருந்து நாலு எட்டு நடத்தி வாசலுக்குக் கூட்டி வந்தால் போதும். இருட்டில் கைப்பேசி முகத்தை மெழுகு பூசினாற்போல ஆக்கிவிடும், உண்மைதான். அப்படியானால் அவரை ஏன் இருட்டில் உட்கார வைத்து எடுக்கிறீர்கள்?

நம் ஊர்க் கடைவீதிகளில் இலவச ஸ்டூடியோவே இருக்கிறது. அஞ்சடி. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று விதித்தார். பிறகு மலாயா நகரங்களிலும் அது பரவியது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கக் கட்டிய இடம். ஆனால் அங்கே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மேலே கூரை இருப்பதால் உச்சிவெயில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழவைக்காது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வருகிறது. பின்னால் கடையின் உட்புறம் இருட்டு. பூ கட்டுகிற அக்காவின் முகமும் விரல்களும் தனியாக எழுந்து நிற்கும். ஸ்டூடியோவில் இதற்குத்தான் விளக்கும் துணியும் கட்டி வாடகை வாங்குகிறார்கள்.

மூக்கு பெரிதாக வருகிறது என்பது கைப்பேசிமேல் சொல்லும் அடுத்த குற்றம். அது லென்ஸின் குணம் என்று நினைக்கிறோம். முகத்தின் அமைப்பு மாறுவது தூரத்தால். ஒரு முழ தூரத்திலிருந்து எடுத்தால் எந்தக் கருவியிலும் மூக்கு முன்னால் வரும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்து, ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டினால் தரம் போய்விடுமே என்பார்கள். A4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 8.7 மெகாபிக்சல் போதும். 12 மெகாபிக்சல் இருந்தாலே கொஞ்சம் வெட்டலாம். நம்முடைய படங்களில் எத்தனை A4 அளவுக்காவது அச்சாகியிருக்கின்றன? அறுபது மெகாபிக்சலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் தரத்தைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெலும் காட்டில் இருவாட்சி எடுக்கப் போகிறவருக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். இரவு விளக்கில் பந்தாட்டம் எடுக்கிறவருக்குப் பெரிய சென்சார் வேண்டும். கல்யாணம் எடுத்துப் பிழைக்கும் அண்ணன்மார்களுக்கு இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா வேண்டும். தாலி ஒரு தடவைதான் கட்டுவார்கள். அது அவர்களுடைய தொழில் கருவி. நான் பேசுவது மற்ற எல்லோரையும் பற்றி. கல்யாண வீட்டின் அளவுகோலை எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள் என்கிறேன்.

வெளியே என்ன நடக்கிறது? 1977இல் நான்சி ரெக்ஸ்ராத் என்ற அமெரிக்கர் வெளியிட்ட 'ஐயோவா' என்ற புகைப்பட நூல் முழுக்க டயானா என்ற மலிவான பிளாஸ்டிக் கேமராவில் எடுத்தது. 2010இல் நியூயார்க் டைம்ஸின் டேமன் வின்டர் ஆப்கானிஸ்தானில் ராணுவ வீரர்களின் அன்றாடத்தை ஐபோனில் எடுத்தார். 2012இல் சாண்டி புயலின்போது பென் லோவி ஐபோனில் எடுத்த அலை, டைம் இதழின் அட்டைக்குப் போனது. "அவர்கள் பழுத்த ஆட்கள், கண் பழகியவர்கள்" என்று உடனே பதில் வரும். அதையேதான் நானும் சொல்கிறேன். கண் பழகினால் போதும். அதைக் கடையில் விற்பதில்லை. ஆகவே அதைப் பற்றி நம் பட்டறைகளில் யாரும் பேசுவதும் இல்லை.

இதில் வெறும் காசு விவகாரத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் ஸ்டூடியோ விற்ற படங்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். வெற்றுடம்போடு, நேராகப் பார்த்துக்கொண்டு. அம்மாதிரிப் படங்கள் பலவற்றின் கீழே அவர்கள் பெயர் இருக்காது. 'கிளிங்' என்று மட்டும் இருக்கும். கருவி வைத்திருந்தவர் ஒருவர், படமாக நின்றவர் வேறொருவர். பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின, லயங்கள் இடிந்தன. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் படம் இருக்கும், அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருக்கும். பிறந்து வளர்ந்த லயத்து வீட்டின் அடுப்படியோ, ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போன ஆத்தாவோ படத்தில் இருப்பது அபூர்வம். அன்றைக்கு கேமரா இல்லை, மன்னித்துவிடலாம்.

இன்றைக்கு பி.பி.ஆர். அடுக்குமாடியில் வாழும் ஒவ்வொரு வீட்டிலும் கேமரா இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் என்ன பார்க்கிறோம்? ஓர் அலகுக் காவடியைச் சுற்றிப் பத்து வெள்ளை லென்ஸ்கள். பத்திலும் ஒரே கன்னம், ஒரே வேல். அந்தக் காவடிக்காரர் விரத நாட்களில் தரையில் விரித்துப் படுத்த பாயையும், விடிவதற்கு முன் அவர் அக்காள் பால்குடத்துக்கு மஞ்சள் துணி கட்டுவதையும் எந்த வெள்ளை லென்ஸும் பார்க்க முடியாது. அவர் தம்பி பார்க்க முடியும். அவன் கையில் கைப்பேசி இருக்கிறது. ஆனால் அவனிடம்தான் நீங்கள் சொல்லிவிட்டீர்களே, அது கேமரா இல்லை என்று. அதனால் அவன் வேலையை நிறுத்திவிட்டு, தன் வீட்டுக்காரரை வெளியாள் எடுத்த படத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறான்.

தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்வது சுருக்கமானது. லென்ஸைச் சட்டை நுனியால் துடை. விரல் எண்ணெய்தான் பாதிப் படங்களை மங்கலாக்குகிறது. விரலால் பெரிதாக்காதே, நடந்து பக்கத்தில் போ. முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறை. ஃபிளாஷை அணை. தெரிந்த ஒருவரை ஒரு வருடம் முழுக்க எடு. நல்லதாக இருபது படத்தை அச்சடித்து, பின்னால் பேரும் தேதியும் எழுது.

போட்டி நடத்தும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் படிவத்தில் 'கேமரா, லென்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் 'படத்தில் இருப்பவர் பெயர்' என்று போடுங்கள். எத்தனை பேரால் அதை நிரப்ப முடிகிறது என்று பார்ப்போம்.