பாரதியாரும் நமது தகப்பன்மாரும்

திண்டிவனம், விழுப்புரம் மார்க்கமாக 1908-ம் வருஷம் புதுச்சேரிக்கு ரயிலில் சென்றார் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியார். வெள்ளை அரசாங்கத்தின் கைக்குத் தப்பிய கவிஞராக அவரை நாடறியும். தகப்பனாராக அவரை நோக்கினவர் சிலரே.

அவரது தந்தை சின்னசாமி அய்யர் கொடியவரல்லர். எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்து நஷ்டமுற்று, 1898-ல் காலமானவர். புத்திரன் கணிதமும் ஆங்கிலமும் கற்று மேன்மையுற வேண்டுமென்ற ஆசையால், தெருப்பிள்ளைகளுடன் அவனை விளையாடவிட்டாரில்லை. அத்துயரைப் பாரதியார் தமது சுயசரிதைச் செய்யுளிலேயே சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் தாயை இழந்த அப்பாலகனுக்குக் கவிதையின்பத்தைக் காட்டியவர் தாய்வழிப் பாட்டனார். அவர் இல்லையேல் பாரதியாரும் பிரம்பெடுத்த தகப்பனாராகியிருக்கக் கூடும் என்பது நமது ஊகம்.

விளையாட்டு மறுக்கப்பட்ட அவரே, குழந்தைக்கு விளையாட்டை முதற்கடமையாக்கும் பாப்பாப் பாட்டைப் பாடினார். (உலையரிசியைக் குருவிகளுக்கு இறைத்தவர் வீட்டில் அன்று பெண்மக்கள் என்ன உண்டனர் என்பது வேறு கேள்வி.)

இன்று அப்பாதையிலுள்ள இவ்விரண்டு ஊர்களிலும் மேடையேறிப் பாரதியாரைப் போற்றும் அன்பர்கள் உண்டு. வீடு திரும்பியதும் அவர்கள் பிள்ளையிடம் கேட்பது, "மார்க் எத்தனை?" என்பதே. "அப்பாவிடம் பட்ட அடியால்தான் முன்னுக்கு வந்தேன்" என்பர். அடிபட்டும் முன்னுக்கு வந்தார்கள் என்பதே நமது கட்சி. தேசத்தில் ஜனநாயகம் பேசுவோர் வீட்டில் ஜார் ஆட்சி நடத்துவது என்ன நியாயம்? மாலையில் ஒரு மணி நேரமாவது பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புங்கள். அவன் தாத்தாவிடம் கதை கேட்டிருந்தால் அதட்டாதீர்கள்.