கடை லீவு அன்னிக்கு ஒரு தீர்மானம்

மக்களே, ஒரு சின்ன கணக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நாலு நாளும் கிராம சபை கூடும். அதே நாலு நாளும் டாஸ்மாக் லீவு. கடை பூட்டியிருக்கிற அன்னிக்குத்தான் 'கடை வேணாம்'னு ஊரே கை தூக்கித் தீர்மானம் போடுது. மறுநாள் மதியம் 12 மணிக்கு ஷட்டரைத் தூக்கிடறாங்க. என்னத்த சொல்ல?

தெருவிளக்கு எங்க போடணும்னு பஞ்சாயத்து முடிவு பண்ணலாம், கடை எங்கன்னு பண்ண முடியாது. (ஒரு பட்டன் கலர் மாத்தவே நாங்க யூசர்கிட்ட அப்ரூவல் வாங்கறோம்ங்க!) 2003 விதிப்படி பள்ளிக்கூடம், கோயில்ல இருந்து நகரத்துல 50 மீட்டர், மத்த இடத்துல 100 மீட்டர் தள்ளியிருந்தா போதும். ஸ்கூல் பையனுக்கு ரெண்டு நிமிஷ நடை. வருமானம் கோட்டைக்கு, உடைஞ்ச பாட்டிலைப் பொறுக்கறது பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர்.

மகாராஷ்டிராவுல பெண் வாக்காளர்கள் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு ஓட்டெடுப்பு கேக்கலாம். பாதிக்கு மேல எதிர்த்தா கடைக்குப் பூட்டு. கேரளாவுல உள்ளாட்சிக்கு இருந்த அதிகாரத்தை 2017ல அவசரச் சட்டம் போட்டுப் பிடுங்கிட்டாங்க. தோழர்களுக்கும் கல்லாப்பெட்டி முக்கியம் போல!

உடனே 'மூடினா கள்ளச்சாராயம் வரும்'னு பின்னூட்டத்துக்கு ஓடி வராதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தப்ப டாஸ்மாக் திறந்துதான் இருந்துச்சு. நான் மதுவிலக்கு கேக்கலை சாமி. பஸ் ஸ்டாப் பக்கத்துல வேணாம்னு ஊர் சொன்னா, அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட பலம் குடுங்கன்னுதான் கேக்கறேன்.