சர்வர் மண்டகப்படி

அண்ணா நகரில் இருக்கும் என் நண்பன் ஒருத்தன் ஒரு தர்ம காரியம் பண்ணினான். அன்னதானம் இல்லை, மோர்ப் பந்தலும் இல்லை. சர்வர் தானம்!

(ஓட்டல் சர்வர் என்று நினைத்து ‘ரெண்டு வடை’ கேட்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.)

வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு மூலையை மாசம் 5 டாலருக்கு வாடகைக்குப் பிடித்திருந்தான். 400 ரூபாய்க்கு மேலே. முக்கால்வாசி நேரம் அது சும்மாவே கிடக்கும்.

“தமிழ்ல ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் எழுதுற தம்பி ஒருத்தனுக்குக் கொடுத்துட்டேன் மாப்ளே. ராத்திரி பூரா அவன் எழுதினதை அதுதான் சோதிச்சுப் பார்க்குது.”

“உனக்கு என்னடா கிடைக்கும்?” பி.காம். படித்தவன் வேறெப்படிக் கேட்பான்?

“ஒண்ணும் கிடைக்காது.”

“அப்ப எந்தக் கணக்குல எழுதுவே?”

“புண்ணியக் கணக்குல எழுதிக்க!”

சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. 1991-ல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். ஊருக்கே கொடுக்க ஆசை, வைக்கத்தான் இடமில்லை. ஆரி லெம்கே என்பவர் தன் பொறுப்பில் இருந்த சர்வரில் ஒரு ஓரம் ஒதுக்கித் தந்தார். லினஸ் ‘ஃப்ரீக்ஸ்’ என்று பெயர் யோசித்திருந்தார். லெம்கேவுக்குப் பிடிக்கவில்லை. தானே ‘லினக்ஸ்’ என்று பெயர் போட்டு வைத்துவிட்டார். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அதன் வாரிசுதான். இடம் கொடுத்தவரே பெயரும் வைத்த கதை!

நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். இதில் யாருக்கும் லாபமில்லை. படிக்கிறவனுக்குத்தான் லாபம்.

சரி, நம்ம நண்பன் என்ன ஆனான்?

மூணு மாசம் ஜோராக ஓடியது. நாலாவது மாசம் அவன் கிரெடிட் கார்டு காலாவதி. பணம் கட்டச் சொல்லி வந்த ஈமெயிலை, ஆபீஸில் மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற அமளியில் பார்க்கவே இல்லை. சர்வரை நிறுத்தி, துடைத்தும் விட்டார்கள். தம்பியின் மூணு மாசச் சோதனை முடிவுகள் அம்பேல். நகலும் இல்லை.

“நான் ஓசியிலதானே கொடுத்தேன்?” என்றான் நண்பன்.

தம்பி போனில் சொன்னது: “ஆமாண்ணே. ஆனா நான் நம்பித்தானேண்ணே வச்சேன்!”

அன்று ராத்திரி நண்பன் சாப்பிடவில்லை.

சித்திரையில் அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு அழகர் வருகிற வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். தாத்தா காலத்திலிருந்து நடத்துகிற குடும்பங்கள் உண்டு. ‘இந்த வருஷம் மறந்துட்டோம் சாமி’ என்று யாராவது சொல்ல முடியுமா? சாமி வாசலில் வந்து நிற்குமே!

சர்வர் கொடுப்பதும் அப்படித்தான். எத்தனை மாசம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறுத்துவதானால் ஒரு மாசம் முன்னால் சொல்லுங்கள். நகல் வேறொரு இடத்தில் இருக்கட்டும். ஆளுக்கொரு தனிக் கணக்கு கொடுங்கள், மொத்தச் சாவியைக் கொடுக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவராக உழைத்த ஒருவரே ‘எக்ஸ்இஸட்’ என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமில் கள்ளக் கதவு வைத்தது 2024-ல் தெரிய வந்தது. உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவரால்தான் அது பிடிபட்டது.

நண்பன் மறுபடி சர்வர் எடுத்துவிட்டான். ஒரு வருஷப் பணம் முன்கூட்டியே கட்டி, தம்பிக்குத் தேதியும் எழுதிக் கொடுத்தான். பணம் கட்ட நினைவுபடுத்துகிற பொறுப்பு மட்டும் என் தலையில்.

புண்ணியக் கணக்குக்கும் ஒரு ஆடிட்டர் வேணுமாமே!