அக்கரை சேராத மோசே



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு முதல் வெள்ளிக்கிழமை, நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். இறுதியாக நாம் நுழைந்த இல்லத்தில், படுக்கையிலிருந்த முதியவர் நற்கருணை உட்கொண்டு நன்றி மன்றாட்டை முடித்தபின் நம்மை அமரச் சொன்னார்.

"சாமி, மோயீசன் 40 வருஷம் பாடுபட்டு அந்த ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாரே. கடைசியில் ஆற்றைத் தாண்ட மட்டும் ஆண்டவர் அவரை விடவில்லையே. அது நியாயமா?" என்று கேட்டார்.

பழைய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர் அவர். மோசே அவருக்கு என்றும் மோயீசன்தான். அவருடைய இளைய மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதுவரை தாம் இருக்கப்போவதில்லை என்பதை அவர் அறிவார்; நாமும் அறிவோம். ஆகவே அக்கேள்வி மோசேக்காக எழுந்ததா, தமக்காக எழுந்ததா என்று நாம் வினவவில்லை. உடனே விடை பகரவும் இயலவில்லை. அடுத்த வாரம் வருவதாகக் கூறி விடைபெற்று, இல்லம் திரும்பி மறைநூலைத் திறந்தோம்.

மீட்பு வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், அது ஆறு கடந்தோரின் வரலாறாகவே விளங்குகிறது. ஆபிரகாமின் குடும்பம் யூப்ரத்தீசு ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்ததென யோசுவா தம் முதுமையில் மக்களுக்கு நினைவூட்டுகிறார். தொடக்க நூல் ஆபிராமை 'எபிரேயர்' என அழைக்குமிடத்தில், பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அச்சொல்லைக் 'கடந்து வந்தவர்' என்னும் பொருள்படவே பெயர்த்தனர். கரையை விட்டுப் புறப்படுவதே விசுவாசத்தின் முதற்படி.

யாக்கோபோ வெறும் கோலுடன் யோர்தானைக் கடந்து ஓடியவர். இரு பெரும் கூட்டங்களோடு திரும்பி வந்தார். ஆயினும் மறுகரையில் அவர் ஏமாற்றிய அண்ணன் ஏசா எதிர்ப்பட இருந்தார். யாபோக்கு ஆற்றுத் துறையில் குடும்பத்தாரை அக்கரைக்கு அனுப்பிவிட்டு, இரவில் தனித்திருந்து, விடியுமட்டும் போராடினார். ஆசி பெற்றார், புதிய பெயர் பெற்றார், நொண்டியபடியே நடந்தார். காயமின்றிக் கடப்பது எல்லாருக்கும் அருளப்படுவதில்லை.

அந்த யாபோக்கு யோர்தானோடு கலக்கும் இடத்திற்கு அருகிலேதான் ஆதாம் என்னும் ஊர் இருந்தது. யோசுவாவின் காலத்தில் யோர்தானின் நீர் குவியலாக நின்றது அவ்வூரருகே என மறைநூல் கூறுகிறது. யோர்தான் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடி, கடல் மட்டத்திற்கு 400 மீட்டருக்கும் கீழேயுள்ள சாக்கடலில் விழுகிறது. பேராறு அன்று, இன்றோ அதன் நீரில் பெரும்பகுதி வழியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் பண்டைக் காலத்தில் அறுவடை நாள்களில் அது கரைபுரண்டு ஓடிற்று. அந்த வெள்ளக் காலத்தையே இறைவன் தெரிந்துகொண்டார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செங்கடலில் முதலில் நீர் பிளந்தது. பின்னரே மக்கள் நடந்தனர். யோர்தானிலோ உடன்படிக்கைப் பேழையைச் சுமந்த குருக்களின் கால்கள் முதலில் நனைந்தன. பின்னரே நீர் நின்றது. 1267-இல் அதே பகுதியில் கரைமேடு சரிந்து ஆறு சில மணி நேரம் அடைபட்டதாக அரபு வரலாற்றாசிரியர் நுவைரி எழுதியுள்ளார். இதனால் நம் விசுவாசத்திற்கு என்ன குறைவு? தாம் படைத்த மண்ணைக் கொண்டே ஆண்டவர் வழி திறந்திருப்பினும், அது அவர் திறந்த வழியே அன்றோ?

மக்கள் அனைவரும் கடந்து முடியும்வரை குருக்கள் ஆற்றின் நடுவிலேயே நின்றனர். எல்லாருக்கும் பின்னரே கரையேறினர். குருக்களாகிய நமக்கும், பெற்றோராகிய உங்களுக்கும் இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ? ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த 12 கற்களைக் கில்காலில் நாட்டினார் யோசுவா, பிற்காலத்தில் பிள்ளைகள் "இக்கற்கள் எதற்கு?" என்று கேட்கும்பொழுது தந்தையர் சொல்லவேண்டும் என்பதற்காக. நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும்படி நாம் எதை நாட்டியிருக்கிறோம்?

ஆனால் மோசே? அவர் மன்றாடியும் ஆண்டவர் இசையவில்லை. பாறையருகே அவர் செய்த தவறு அதற்குக் காரணமென எண்ணிக்கை நூல் கூறும். ஆயினும் ஆண்டவர் அவரை வெறுங்கையராய் விட்டுவிடவில்லை. மலையுச்சியிலிருந்து நாடு முழுவதையும் காணச் செய்தார். யோசுவாவைத் திடப்படுத்தும் பணியை ஒப்படைத்தார். மோசே தம் கைகளை யோசுவாவின்மேல் வைத்தார். அவர் இறந்தபின் மக்கள் 30 நாள் துக்கம் கொண்டாடினர். துக்க நாள்கள் நிறைவுற்றன. பின்னர் யோசுவாவுக்கு ஆண்டவர் இட்ட கட்டளை, எழுந்து ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதே.

வரலாறு அத்துடன் முடியவில்லை. யோசுவா என்னும் பெயரும் இயேசு என்னும் பெயரும் ஒன்றே. 'ஆண்டவர் மீட்கிறார்' என்பது அதன் பொருள். அந்த இயேசு யோர்தானில் இறங்கித் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஒருநாள் மலைமேல் தோற்றம் மாறியபொழுது அவரருகே நின்றவர் யார்? எலியாவும் மோசேயும் அல்லவா! அம்மலை கலிலேயாவின் தாபோர் என்பது திருச்சபை மரபு. அன்று கால்கொண்டு மிதிக்கக் கிடைக்காத நாட்டில், மோசே இறைமகனோடு நின்று உரையாடினார்.

அடுத்த வாரம் இதனை அம்முதியவரிடம் மெல்ல எடுத்துரைத்தோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் மோயீசன் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறார், சாமி. வழிதான் வேறு" என்றார். மகளை அருகழைத்துத் தலைமேல் கைவைத்து, நெற்றியில் சிலுவை வரைந்தார். மனைவியை நோக்கி, "எனக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே" என்றார்.

மார்கழியின் தொடக்கத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி நிறைவேறியது. உற்றாரில் சிலர் ஓராண்டு பொறுக்கலாமே என்றனர். தாயார் இசையவில்லை. தை மாதம் குறித்த நாளில் அம்மகளின் திருமணத்தை நாமே மந்திரித்தோம். தந்தையின் இடத்தில் அண்ணன் அவளைப் பீடத்தண்டை அழைத்து வந்தான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் யாரேனும் கரையில் நின்றுகொண்டிருக்கலாம். கடப்பவர்களுக்குத் துணிவு கூறுங்கள். கடக்க இயலாதவரின் கையைத் தலைமேல் ஏற்று ஆசி பெறுங்கள். இரு கரைக்கும் ஆண்டவர் ஒருவரே.