ஒளியா, வெப்பமா?

1857ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரிற் பரவச் செய்தபோது அந்நீர் மாணிக்கச் சிவப்பாயிற்று. மஞ்சள் உலோகம் சிவந்ததன் காரணத்தைக் குஸ்தாவ் மீ 1908இற் கணித முறையால் விளக்கினார். 20 நனோமீற்றர் அளவினதாகிய பொற்றுணிக்கையிலுள்ள இலத்திரன்கள் பச்சை ஒளியோடு ஒத்து ஒருங்கே அதிர்ந்து அதனை விழுங்கிவிடுகின்றன. நம் கண்ணுக்கு எட்டுவது எஞ்சிய சிவப்பேயாம்.

அவ்வாறு விழுங்கப்பட்ட சக்தியை மின்வாயில் நிகழும் தாக்கத்துக்கு உதவச் செய்யலாமா என்பதே இக்காலத்து ஆராய்ச்சி. அதிர்வு அடங்குங்கால் சில இலத்திரன்கள் மிகுசக்தி பெறுகின்றன. அவை தணியுமுன் அயலிலுள்ள மூலக்கூற்றுக்குத் தாவுமாயின், நீரிலிருந்து ஐதரசன் பெறுதல், காபனீரொட்சைட்டைத் தாழ்த்துதல் முதலியன குறைந்த மின்னழுத்தத்தில் நடைபெறும். ஆயின், தாவுதற்குரிய அவகாசம் ஏறத்தாழ ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கே. தாவாத இலத்திரன்களின் சக்தி வெப்பமாகிவிடும்.

வழக்கு இங்கேதான் எழுகின்றது. தாக்கத்தை விரைவாக்கியது இலத்திரனா, வெப்பமா? 2018இல் றைஸ் பல்கலைக்கழகத்து நயோமி ஹாலஸ் குழுவினர் அமோனியாப் பிரிகையை ஆராய்ந்து இலத்திரனுக்குப் பெரும்பங்கு உண்டென்றனர். 2019இல் பென் குரியன் பல்கலைக்கழகத்து யோனத்தன் சிவனும் பிறரும் வெப்பநிலை சரிவர அளக்கப்படவில்லை என மறுத்தனர். அது வாயுத் தாக்கமெனினும் வினா மின்வாய்க்கும் பொருந்துவதே.

யான் ஐயுறுவோர் பக்கத்தினன். ஏவற்சக்தி மூலொன்றுக்கு 50 கிலோயூலாகவுள்ள தாக்கம் 27 பாகையிலிருந்து 37 பாகைக்கு வெப்பமேறிய அளவிலேயே ஏறத்தாழ இரட்டிக்கும். வலிய விளக்கொன்றை மின்வாயின்மேற் பாய்ச்சிவிட்டு, மின்னோட்டம் கூடியதைக் கண்டு மகிழ்வதில் என்ன பயன்? ஒளி பட்டவுடன் மின்னோட்டம் எழுந்தமையின் அது வெப்பமன்று என்பாருமுளர். துணிக்கையும் கணத்திற் சூடேறும் பொருளன்றோ! அதே மின்வாயை அதே வெப்பநிலையில் இருளில் வைத்துப் பெற்ற வரைபைத் தாராத கட்டுரையைப் பாதிக் கட்டுரையென்றே கொள்வேன். நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் மின்பகுப்புச் செய்யும் மாணவரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்; ஒரு வெப்பமானியும் கறுப்புத் துணியுமே அதற்கு வேண்டுவன.

வெப்பம் இழிவானதன்று. வேண்டிய இடத்தில் மட்டும் வெப்பமேற்றுவதும் நற்பயனே. ஆயினும், வெப்பமே காரணமென்று முடியுமாயின், விலையுயர்ந்த பொன்னை எதற்குத் தேடவேண்டும்? ஒளியை விழுங்கிச் சூடேறுதற்கு அடுப்புக்கரியே போதும்.