இட்டேரியும் சைக்கிளும்

சைக்கிளேறிச் செல்வார்க்குக் கண்ணாடி போன்ற தார்ச்சாலையே தக்கது என்பது பலர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கை. அக்கொள்கையினின்றும் மாறுபட்டார் சிலர் இந்நாளில் உலகெங்கணுந் தோன்றியிருக்கின்றனர். அவர்கள் நல்ல சாலையைக் கைவிட்டு, சரளையும் புழுதியும் நிறைந்த வழிகளையே தேடி, குன்றும் காடும் கடற்கரையும் நோக்கிச் செல்கின்றனர். அதற்கெனச் செய்யப்படும் வண்டிக்குக் 'கிராவல் சைக்கிள்' என்று பெயர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் ஓட்டம் இவ்வார்வம் பரவுதற்கு ஒரு பெருங்காரணமாயிற்று. 2022-இல் இத்தாலி நாட்டில் இதற்கென்று உலகப் போட்டியே முதன்முறையாக நடைபெற்றது. இச்செய்திகளை யாம் விடுதியிற் பேசிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர், "இஃது எங்களூர்ப் பால்காரர் நாள்தோறுஞ் செய்யுந் தொழிலன்றோ?" என்று நகைத்தார்.

அவர் நகைத்தது வெறும் நகையன்று. கிராவல் வண்டிக்குச் சிறப்பாகச் சொல்லப்படுவது அதன் அகன்ற உருளைப்பட்டை. அதன் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர். நம் பாட்டனார் காலந்தொட்டு ஓடிவரும் கருநிறப் பெரிய சைக்கிளின் பட்டையோ 28-க்கு ஒன்றரை அங்குலம் என வழங்குவது. அளந்து பார்ப்பின் அதுவும் ஏறக்குறைய அவ்வளவே. பல பதினாயிரம் கொடுத்து மேனாட்டார் இன்று வாங்குவதொன்றை நம்மவர் பால்கேனும் புல்லுக்கட்டும் கட்டிப் பல்லாண்டாக மிதித்து வந்திருக்கின்றனர். எடையும் பற்சக்கரமும் தடையும் வேறென்பது உண்மையே. ஆயினும் வண்டிக்கு வேண்டும் வழியைப் பற்றியவரை, அது நம்மிடத்து முன்னமே உளது. அவ்வழியே எம் கட்டுரைப் பொருள். சைக்கிள் அதனைக் காணுதற்கு ஒரு வாயில் மாத்திரமே.

கொங்கு நாட்டில் தோட்டத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே, இருமருங்கும் உயிர்வேலி அமைந்து, வண்டியொன்று செல்லுமளவு அகன்று செல்லும் தடத்திற்கு இட்டேரி என்று பெயர். தமிழில் வழியைக் குறிக்குஞ் சொற்கள் பல: ஆறு, அதர், நெறி, தடம், பெருவழி என அவை விரியும். பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதானை வழிப்படுத்தும் ஆற்றுப்படை என்னும் நூல்வகை பத்துப்பாட்டிற் பாதியைக் கொண்டிருப்பதை எம் வகுப்பினர் நன்கறிவர். வழிக்கு இத்துணைச் சிறப்பளித்த மொழியிற் பயில்வேம், இட்டேரி என்னுஞ் சொல்லை அகராதியிலன்றித் தரையிற் கண்டது சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையிலேதான் என்பதைச் சொல்ல நாணுகின்றோம்.

எம்முள் ஒருவரூர் சூலூர்ப் பக்கம். அவர் இல்லத்திற் றங்கி, மூவர் மூன்று வண்டிகளில், பல்லடத்திற்குத் தெற்கே காங்கேய நாடு நோக்கி விடியலிற் புறப்பட்டோம். ஒருவர் வண்டி மட்டுமே புதுமுறையது. ஏனைய இரண்டும் மேனிலைப் பள்ளியில் அரசு இலவசமாக வழங்கியவை. மழை பெய்து ஓய்ந்த காலமாதலின் கிளுவை வேலி இலைவிட்டிருந்தது. கோடையில் இது மொட்டையாகிச் சாம்பர் நிறக் கொம்புகளாய் நிற்கும். மழை கண்டவுடன் தளிர்க்கும். இதற்கு விதை வேண்டுவதில்லை. போத்து வெட்டி நட்டாலே போதும். கிளுவையின்மேல் கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் படர, இடையிடையே வேம்பும் பனையும் எழுந்து நிற்க, வழியின் நடுவே சக்கரம் பட்ட இருகோடுகள் சுண்ணாம்புச் சரளையாய் வெளுத்துக் கிடந்தன. கவுதாரி ஒன்று தன் குஞ்சுகளோடு முன்னே ஓடி வேலிக்குட் புகுந்தது. செம்போத்தின் குரல் கேட்டோம். கீரியொன்று எம்மை நின்று நோக்கிவிட்டுப் போயிற்று. பேருந்திற் பன்முறை போய்வந்த ஊர்தான். இவற்றுள் ஒன்றையும் யாம் முன்பு கண்டிலேம். நடப்பானுக்கு இவ்வளவும் காண ஒருநாள் போதாது. மோட்டார் வண்டியாளன் ஓசையால் அனைத்தையும் ஓட்டிவிடுவான். சைக்கிளின் விரைவே இதற்கு அளவாய் அமைந்தது.

வேலிக்கு அப்பாற் சில இடங்களிற் கொறங்காடுகள் இருந்தன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உடைய மேய்ச்சற் காடுகள் அவை. காங்கேயம் மாடுகளை வளர்த்தவை இவையே. மாடு வேலி தாண்டாது. ஆதலின் மேய்ப்பார் வேண்டுவதில்லை. அக்காட்டின் வாயிலில் முள்ளாலும் கொம்பாலும் கட்டிய படல் ஒன்று சாத்தியிருக்கும். வழி தவறி ஒரு படலைத் திறந்து உட்புகுந்தோம். திரும்புகையில் சாத்த மறந்தமையால், அங்குள்ளார் ஒருவரிடம் யாம் கேட்ட சொற்கள் இங்கு எழுதத் தக்கனவல்ல. யாம் பெறத் தக்கனவேயாம்.

இவ்வழிகள் நேற்று முளைத்தவையல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதில்போல் நிற்க, அம்மதிலில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு வாயில் திறந்திருப்பது பாலக்காட்டுக் கணவாய். மேல்கடற்கரைத் துறைகளிலிருந்து கருவூர் வரையிற் பண்டைய வாணிகர் சென்றது இவ்வாயில் வழியே. மதுக்கரைப் பக்கத்து ஐயாசாமி மலைப் பாறையில், தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் பொறித்த சோழர் காலக் கல்வெட்டொன்று 'இராசகேசரிப் பெருவழி' என அவ்வழியின் பெயரை இன்றுந் தாங்கி நிற்கின்றது. வெள்ளலூரில் உரோம நாணயங்கள் புதையலாய்க் கிடைத்தன. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி அறுத்த பட்டறைகளும் அகழ்ந்து காணப்பட்டன. அம்மணிகளுள் ஒருவகையாகிய பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் எடுக்கப்பட்டதாம். மண்வழியிலே இவ்வளவு செல்வம் போய் வந்திருக்கின்றது. கணவாயைப் பற்றி மற்றொன்று: ஆனி ஆடியில் அதனூடு வரும் மேல்காற்று உடுமலை பல்லடப் பக்கங்களிற் காற்றாலைகளைச் சுழற்றுவது. அம்மாதங்களிற் கிழக்கு நோக்கிப் போவார் மிதியாமலே போகலாம். மேற்கே திரும்புவார் பள்ளத்திலும் மிதித்தே இறங்கல் வேண்டும். பொன்னானிக் கடற்கரை வரையில் ஒருமுறை போய்வரல் வேண்டுமென்னும் எம் அவாவை இது கருதியே தை மாதத்திற்குத் தள்ளி வைத்திருக்கின்றோம்.

பொங்கலூர்ப் பக்கத்தில் எம் இட்டேரி திடீரென முடிந்தது. வழி முடியவில்லை; வேலி முடிந்தது. இருபுறமும் கிளுவை வேரோடு பறித்தெறியப்பட்டு, கருங்கற் கால் நட்டு முட்கம்பி இழுக்கப்பட்டிருந்தது. இருந்த அகலத்திற் பாதி ஒருபுறத்துத் தோட்டத்தோடு சேர்ந்துவிட்டது. சிறிது தொலைவில் வீட்டுமனைகளுக்கு வண்ணக் கல் நட்டிருந்தனர். அவ்விடத்திலே எம் வண்டியொன்றின் சக்கரத்தில் முள்ளேறியது; சீமைக்கருவேல முள். பழுது பார்த்துக்கொண்டிருக்கையில், ஆடோட்டி வந்த மூதாட்டி ஒருவர் நின்றார்.

"ஏஞ் சாமி, தார் ரோடு அங்க பெருசா கெடக்கறப்ப இந்த முள்ளுக்குள்ள எதுக்குக் கண்ணு வந்தீங்க?" என்றார்.

"இந்த வழி அழகா இருக்குதுங்க ஆத்தா; இதை இப்படியே விட்டுரணுமுங்க" என்று எம்முள் ஒருவர் சற்றே பெருமிதத்தோடு விடையிறுத்தார்.

"உங்களுக்கென்ன, பாத்துப்போட்டுப் போயிருவீங்க. மழை பேஞ்சா இதுக்குள்ள ஆட்டோக்காரன் வரமாட்டேங்கறான். என்ற பேத்திய வலி எடுத்தப்ப கட்டல்ல வெச்சுத்தான் ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம்" என்றார் அவர்.

அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. அன்று முழுதும் யாம் எண்ணியது இதுவே. மண்சாலையின் அழகைப் பாடுவார் பெரும்பாலும் அதன் சேற்றில் வாழாதார். தம் விடுமுறை இன்பத்தின்பொருட்டு ஓரூரார் என்றுஞ் சேற்றிலே கிடத்தல் வேண்டுமென விரும்புதல் கொடுமை. மேனாட்டுக் கிராவல் ஆர்வத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்வார் இத்தவற்றில் எளிதில் வீழ்வர், யாமும் வீழ்ந்தோம்.

ஆயினும் மூதாட்டி கேட்டது யாது? ஆட்டோ வருதற்கேற்ற தரை. வேலியைப் பறிக்க வேண்டுமென்று அவர் கேட்டாரில்லை. கேட்டிருப்பின் எம்மைவிட அவரே முதலில் வருந்துவார். ஏனெனில் அவ்வேலியின் தழையை அவர் ஆடுகள் உண்கின்றன. இங்கேதான் யாம் ஒரு வேற்றுமை காண்கின்றோம். இட்டேரியைக் கொல்வது தாரன்று. நடுவே பத்தடி தாரிட்டும் இருபுறக் கிளுவையை நிறுத்திய வழிகளை அன்றே கண்டோம். அங்கேயும் கவுதாரி கூவிற்று. கொல்வது அயற்றோட்டத்தார் ஆண்டுக்கு ஒரு சாணாக வேலியை உள்ளே தள்ளி நடுவதும், மனைபிரிப்பார் ஒரே நாளில் இயந்திரங்கொண்டு வாரியெறிவதுமே. உழவுமாடு குறைந்து டிராக்டர் வந்தபின் வழி அகலவேண்டி வேலியைப் பறித்தாரும் உளர். மாடு போகாத தடத்தைக் காப்பதற்கு ஆளில்லை. சீமைக்கருவேல் அதனை அடைத்துக்கொள்கின்றது.

உயிர்வேலி போனால் அழகு மட்டுமோ போகும்? கணவாய்க் காற்றை அது தடுக்கின்றது. மழைநீரைத் தாழ்ந்த இட்டேரி வாங்கி மெல்ல உள்ளிறக்குகின்றது. பயிரைத் தின்னும் புழுக்களைத் தின்னும் பறவை அதிற் கூடு கட்டுகின்றது. தூதுவளையும் நொச்சியும் ஆவாரையும் வேண்டுவார் கைநீட்டிப் பறிக்கின்றனர். முட்கம்பியோ இவற்றுள் ஒன்றையுஞ் செய்வதில்லை. காசு கொடுத்து வாங்கியதென்னும் பெருமை ஒன்றே அதற்குண்டு.

இத்தாலியின் டஸ்கனி நாட்டுச் செய்தி இங்கு நினைக்கத்தக்கது. அங்கே 'வெள்ளைச் சாலைகள்' எனப்படும் சரளை வழிகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்து வந்தன. 1997-இல் கையோலே என்னுஞ் சிற்றூரிலிருந்து பழைய சைக்கிள்களில் ஏறி ஏறக்குறைய நூற்றுவர் அவ்வழிகளிற் சென்றனர். 'லெரோய்க்கா' என்னும் அவ்விழாவின் நோக்கங்களுள் ஒன்று அச்சாலைகளைக் காப்பதே. பின்னர் 2007-இல் அதே வழிகளிற் பந்தயக்காரர்க்கும் ஒரு பெரும்போட்டி ஏற்பட்டது. வருவார் தங்கினர், உண்டனர், பொருள் கொடுத்தனர். வழி உள்ளவரையிலேதான் இவ்வருவாய் என்பதை ஊரார் கண்டுகொண்டனர். நம் நாட்டில் இஃது அப்படியே நடவாது. ஆயினும் சைக்கிளில் வருவோன் வழிக்குச் சான்றாகலாம் என்னும் அவ்வொரு பாடம் நமக்கும் உதவும்.

எங்ஙனமெனின், ஊர் நிலப்படத்தில் வண்டிப்பாதை கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். அதன் அகலத்தைத் தரையிலுள்ள அகலத்தோடு ஒத்துப் பார்த்தாலே எவ்வளவு விழுங்கப்பட்டதென்பது தெரிந்துபோம். இதனைச் செய்யப் பட்டம் வேண்டா. ஒரு சைக்கிளும் அளவுநாடாவும் போதும். கண்டதைக் கிராமசபையில் எடுத்துரைக்கும் உரிமை அவ்வூரார்க்கே உண்டாகலின், அவ்வூரைச் சேர்ந்த மாணவர் அதனைச் செய்தல் வேண்டும். தார் கேட்கும் ஊருக்குத் தார் இடுக. வேலியைத் தொடாது இடுக என்பதே யாம் கேட்பது. கீழ்பவானி வாய்க்காலின் மண்கரையைக் கான்கிரீட்டாக்குவது பற்றி உழவரே இருபகுதியாய் வழக்கிட்டதை நினைப்பார்க்கு, இத்தகைய வினாக்களில் ஊரார் ஒருமுகமாய் இரார் என்பது விளங்கும். வெளியூர்ச் சைக்கிள்காரன் நடுவராகப் புகுதல் ஆகாது.

சைக்கிளேறுவார்க்கும் ஒரு சொல். மதுக்கரையிலும் வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் உள்ள காட்டுத்தடங்கள் யானை செல்லும் வழிகள். படத்திற்கு அழகாயிருக்குமென்று விடியற்காலை அங்கே புகுவது வீரமன்று. வேண்டுமளவு வழி சமவெளியிலே கிடக்கின்றது. திறந்த படலைச் சாத்திச் செல்லுதல் எத்துணை இன்றியமையாததென்பதை யாம் மேலே குறித்தோம்.

மூதாட்டியிடம் விடைபெறுகையில், முட்கம்பி இழுத்த இடத்திற்கு இப்பாற் கிடக்கும் தம் காட்டோரம் வேலி இற்றுப் போயிருப்பதைக் காட்டினார். அடுத்த மழைக்கு முன் வந்தாற் கிளுவைப் போத்து வெட்டித் தருவதாகவும், நட்டுக் கொடுத்தாற் கம்பங்களி கிண்டித் தருவதாகவுஞ் சொன்னார். ஒரு சைக்கிளின் பின்னே எத்துணைப் போத்துக் கட்டலாமென்பதே இப்போது எம் விடுதியில் நடக்கும் வழக்கு. பழைய கருஞ்சைக்கிள் இருபது சுமக்கும் என்கின்றார் நண்பர். புதுவண்டிக்காரர் மட்டும் தம் வண்டிக்குப் பின்தாங்கியே இல்லையென்று தலைகுனிந்திருக்கின்றார்.