சர்ச்சிலுக்கு அப்போது வயது மூன்று

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு படம் போட்டார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் தரையில் உட்கார்ந்திருக்கும் பழைய படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே, "1943 வங்காளப் பஞ்சம். சர்ச்சில் செய்த கொலை." ஐந்து நிமிடத்தில் அழுகிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். பழுதான பொருள் கைக்கு வந்தால் அது எந்த இயந்திரத்தில், எந்த நாளில் கெட்டது என்று பின்னோக்கித் தேடிப் போவதற்குத்தான் எனக்குச் சம்பளம். படத்தையும் அப்படியே தேடினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி. இடம் மதராஸ் மாகாணம். காலம் 1876–78. நம் ஊர்ப் பேச்சில் தாது வருஷப் பஞ்சம். ஹூப்பர் 1912-இலேயே இறந்துவிட்டார். 1943-இல் யாரைப் படம் எடுத்திருக்க முடியும்?

குழுவில் சொன்னேன். மாமா கேட்டார்: "வருஷம் தப்பா இருந்தா என்னடா? பட்டினி பட்டினிதானே?"

மாமாவை விடுங்கள். இலக்கிய நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் அழகாக: "தகவல் முக்கியமில்லை, உணர்வுதான் உண்மை." இது சோம்பேறித்தனம். அதற்குக் கவிதைச் சட்டை போட வேண்டாம்.

வங்காளத்துக்கு அதன் சொந்தப் படங்கள் இருக்கின்றன. சுனில் ஜானா எடுத்திருக்கிறார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் போர்க்காலக் கெடுபிடிகளுக்கு நடுவே 1943 ஆகஸ்டில் பஞ்சப் படங்களை வெளியிட்டது. அங்கே செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். அவர்களுக்காக அழ நம் பிணங்களை இரவல் கொடுக்கத் தேவையில்லை.

தாது வருஷத்தில் சர்ச்சிலுக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. குற்றவாளிகள் வேறு ஆட்கள். 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து விருந்து வைத்துக்கொண்டிருந்தார். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை வெட்டினார்: ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. அதை வைத்து மண் வெட்ட வேண்டும். மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் என்று சண்டை போட்டார். அந்த வருஷங்களில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டேதான் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தப்பான ஒரு வரி, லிட்டனையும் டெம்பிளையும் விடுதலை செய்துவிடுகிறது.

படம் எடுத்தவரையும்தான். திரும்ப ஒருமுறை பாருங்கள். இவர்கள் தற்செயலாக அப்படி உட்காரவில்லை. உட்காரவைத்து, வரிசைப்படுத்தி, கண்ணாடித் தகட்டுக்கு முன்னால் அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்' என்பது போல அவற்றுக்குத் தலைப்பும் உண்டு. இதே ஹூப்பர் பிறகு பர்மாவில், கைதிகளைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம் பிடிக்கப் போய் விசாரணைக்கு ஆளானவர். இதெல்லாம் தெரியாமல் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவன், ஹூப்பர் நின்ற இடத்தில் நின்றுதான் பார்க்கிறான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இன்னொன்றில். நான் படித்தது யூ.எஸ்.எம்-மின் நிபோங் திபால் வளாகத்தில். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். பஞ்ச வருஷங்களிலும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் வந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அந்தக் கரும்பைத்தான் வெட்டினார்கள். எங்கள் கொள்ளுத் தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பிழைக்க வந்தாங்க" என்பார்கள். எதிலிருந்து பிழைக்க? அந்தக் கேள்விக்கு நம்மிடம் இருக்கும் மிகச் சில சாட்சிகளில் ஒன்று இந்தப் படம். அதைத்தான் விலாசம் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

படத்தைப் பகிர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகிருங்கள். கீழே 'மதராஸ் மாகாணம், 1876–78' என்று எழுதிவிட்டுப் பகிருங்கள். அவர்களின் பெயர்களை யாரும் குறித்துவைக்கவில்லை. ஊரும் வருஷமும்தான் மிச்சம்.